சாக்கெட் சர்வருக்கு ஒரு பொது டிரான்ஸ்போர்ட் இன்டர்ஃபேஸ்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இணைப்பு வழியாகப் பைட்டுகளை வரிசை மாறாமல் கொண்டுசேர்க்கும் டிசிபி (TCP) நெறிமுறை மேல் ஓடும் சர்வர் ஒன்றை எழுதி முடித்திருப்பீர்கள். கொஞ்ச நாளில் அதற்கு டிஎல்எஸ் (TLS) மறையாக்கம் வேண்டும் என்பார்கள். அப்புறம் அதே இயந்திரத்தில் இருக்கும் இன்னொரு புரோகிராமோடு யூனிக்ஸ் சாக்கெட் வழியாகப் பேச வேண்டியிருக்கும். உலாவியிலிருந்து வெப்சாக்கெட்டும் வந்து நிற்கும். ஒவ்வொன்றுக்கும் சர்வருக்குள் ஒரு 'இஃப்' முளைத்துக்கொண்டே போனால், சில மாதங்களில் அந்த நிரலைத் தொடவே எல்லோரும் தயங்குவார்கள். தரவைக் கொண்டுபோகும் இந்த வழிகள் ஒவ்வொன்றும் ஒரு டிரான்ஸ்போர்ட். அவற்றின் வேறுபாடுகளைச் சர்வரிடமிருந்து மறைக்கத்தான் டிரான்ஸ்போர்ட் இன்டர்ஃபேஸ் என்று ஒரு அடுக்கைப் பிரிக்கிறோம். அதை வடிவமைக்கும்போது திரும்பத் திரும்ப எழும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். எந்த நிரல்மொழிக்கும் இவை பொருந்தும். எடுத்துக்காட்டுகள் சி, கோ, பைத்தான் பக்கமிருந்து வரும்.

கேள்வி: சாக்கெட்டே ஒரு பொது இன்டர்ஃபேஸ்தானே? அதன் மேல் இன்னொன்று எதற்கு?

1983-இல் 4.2 பிஎஸ்டி யூனிக்ஸோடு சாக்கெட் வந்தபோது அதன் நோக்கமே அதுதான். இணையம் வழியாகப் பேசினாலும், ஒரே இயந்திரத்துக்குள் இரண்டு புரோகிராம்கள் பேசிக்கொண்டாலும் அதே பைண்ட், லிசன், அக்செப்ட், ரீட், ரைட் அழைப்புகள்தான். சிஸ்டம் ஃபைவ் யூனிக்ஸ் பக்கம் டிஎல்ஐ என்று ஒன்று போட்டியாக வந்தது, பின்னர் அது எக்ஸ்டிஐ ஆனது. கடைசியில் நிலைத்தது சாக்கெட்தான்.

ஆனால் இயங்குதளத்தின் மையமான கெர்னலுக்குள் இருப்பவற்றை மட்டுமே சாக்கெட்டால் ஒன்றாகக் காட்ட முடியும். டிஎல்எஸ் பெரும்பாலும் உங்கள் புரோகிராமுக்குள் ஒரு நூலகமாக ஓடுகிறது. வெப்சாக்கெட்டும் அப்படியே. சோதனைக்காக நினைவகத்திலேயே உருவாக்கும் இணைப்புக்கு, கெர்னல் தரும் அடையாள எண்ணான ஃபைல் டிஸ்கிரிப்டரே கிடையாது. 'இணைப்பு என்பது ஒரு எண்' என்று சர்வர் நம்பிக்கொண்டிருக்கும் வரை இவற்றில் எதுவும் உள்ளே நுழைய முடியாது.

கேள்வி: எல்லா சர்வருக்கும் இது தேவையா?

தேவையில்லை. டிசிபி மட்டும்தான், டிஎல்எஸ் வேலையை முன்னால் நிற்கும் இடைநிலை சர்வரான ப்ராக்சி பார்த்துக்கொள்ளும் என்றால் நேராக சாக்கெட்டையே அழையுங்கள். இரண்டாவது டிரான்ஸ்போர்ட் கண்ணுக்குத் தெரியும்போது பிரித்தால் போதும். ஒன்றை மட்டும் பார்த்து வரைந்த இன்டர்ஃபேஸ் அந்த ஒன்றின் அச்சாகவே இருக்கும். அடுத்தது வரும்போது எப்படியும் உடைத்துக் கட்ட வேண்டிவரும். இங்கே ஒன்றைச் சேர்த்துச் சொல்கிறேன்: சோதனைக்கான நினைவக இணைப்பையும் நான் இரண்டாவது டிரான்ஸ்போர்ட்டாகவே கணக்கில் எடுப்பேன்.

கேள்வி: இன்டர்ஃபேஸில் என்னென்ன செயல்பாடுகள் இருக்க வேண்டும்?

குறைவாக இருப்பது நல்லது. கோ மொழியின் நெட் தொகுப்பில் இணைப்புக்கான இன்டர்ஃபேஸில் மொத்தம் 8 செயல்பாடுகள்: ரீட், ரைட், குளோஸ், இரு முனைகளின் முகவரிகள், கெடு நேரம் வைக்க மூன்று. புது இணைப்புகளை ஏற்கும் லிசனருக்கு வெறும் 3: அக்செப்ட், குளோஸ், முகவரி. இவ்வளவு சிறியதை வைத்துக்கொண்டு டிசிபி, டிஎல்எஸ், யூனிக்ஸ் சாக்கெட், நினைவகக் குழாய் எல்லாவற்றையும் ஒரே சர்வருக்குள் ஓடவிட முடிகிறது.

நான் அதில் ஒன்றைக் கூடுதலாக வைப்பேன்: 'நான் எழுதி முடித்துவிட்டேன், ஆனால் இன்னும் படிப்பேன்' என்று சொல்லும் அரைமூடல். கோவின் பொது இன்டர்ஃபேஸில் அது இல்லை. டிசிபி, யூனிக்ஸ், டிஎல்எஸ் வகைகளில் தனித்தனியாக இருப்பதால், வேண்டுபவர்கள் வகையைச் சோதித்துப் பார்த்துத்தான் அழைக்க வேண்டும்.

செயல்பாடுகளின் பெயர்களை வைத்து நாள்கணக்கில் விவாதிக்கும் குழுக்களைப் பார்த்திருக்கிறேன். உண்மையான வேலை வேறு இடத்தில் இருக்கிறது. ஒவ்வொரு செயல்பாடும் எதை உறுதியளிக்கிறது, எதை உறுதியளிக்கவில்லை என்று வாக்கியமாக எழுதிவைப்பதுதான் வடிவமைப்பு. கீழே வரும் பதில்கள் பெரும்பாலும் அந்த உறுதிமொழிகளைப் பற்றியவை.

கேள்வி: ரீட் எதைத் திருப்பித் தர வேண்டும்?

நான்கு விதமான விடைகள் உண்டு, நான்கையும் தெளிவாகப் பிரித்துத் தர வேண்டும்: இத்தனை பைட் வந்தது, இப்போதைக்கு எதுவும் இல்லை, எதிர்முனை முறையாக முடித்துக்கொண்டது, பிழை.

சி மொழியில் இவை ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. ரெசீவ் அழைப்பு 0 திருப்பினால் எதிர்முனை முடித்துக்கொண்டது என்று பொருள். ஆனால் 0 பைட் நீளமுள்ள பஃபரைக் கொடுத்தாலும் 0 வரலாம். 'இப்போது இல்லை' என்பதோ -1 என்ற பிழை வடிவில் வந்து, பிழை எண்ணை வைக்கும் எர்நோவில் (errno) ஈ-அகெய்ன் (EAGAIN) என்று உட்கார்ந்திருக்கும். இந்தக் கலவையை அப்படியே மேலே கடத்தினால் சர்வரின் ஒவ்வொரு மூலையிலும் அதே பிரிப்பு வேலையைச் செய்ய நேரும். டிரான்ஸ்போர்ட்டுக்குள் ஒரே இடத்தில் பிரித்துவிடுங்கள்.

இன்னொன்றையும் உறுதிமொழியில் எழுதுங்கள்: ஒரு ரீட் என்பது ஒரு செய்தி ஆகாது. அந்தப் பக்கம் 100 பைட்டை ஒரே ரைட்டில் அனுப்பியிருந்தாலும் இந்தப் பக்கம் 60, 40 என்று வரலாம். இரண்டு ரைட்கள் ஒட்டிக்கொண்டு ஒரே ரீட்டிலும் வரலாம். தன் சொந்தக் கணினியில் இரண்டு முனைகளையும் ஓட்டிப் பார்ப்பவருக்கு இது தெரியவே தெரியாது, ஏனென்றால் அங்கே பெரும்பாலும் முழுதாகவே வந்து சேரும். நெட்வொர்க்கைத் தாண்டும்போதுதான் தெரியும்.

கேள்வி: அப்படியானால் செய்தியைச் செய்தியாகப் பிரிப்பது யார் வேலை?

டிரான்ஸ்போர்ட்டுக்கு மேல் இருக்கும் தனி அடுக்கின் வேலை. எளிய வழி, ஒவ்வொரு செய்திக்கும் முன்னால் 4 பைட்டில் நீளத்தை எழுதுவது. அந்த நீளத்தைப் படித்ததுமே அந்த அளவுக்கு நினைவகம் ஒதுக்கிவிடாதீர்கள். 4 பைட் எண்ணால் 429 கோடிக்கும் மேல் சொல்ல முடியும். எதிர்முனை அனுப்பியது வெறும் 4 பைட்டாக இருக்கும், உங்கள் சர்வர் 4 ஜிபி கேட்டு விழுந்துவிடும். உச்சவரம்பைச் சோதித்த பிறகே ஒதுக்க வேண்டும்.

கேள்வி: ரைட் பாதிதான் எழுதியது என்றால் மீதியை யார் எழுதுவது?

இதற்கு இரண்டு நேர்மையான விடைகள் உண்டு. ஒன்று, 'கொடுத்ததை முழுதாக எழுதுவேன், முடியாவிட்டால் பிழை சொல்வேன்' என்பது. கோ இதைத்தான் சொல்கிறது. மற்றது, 'முடிந்த அளவு எழுதி எண்ணிக்கையைச் சொல்வேன், மீதி உன் பாடு' என்பது. பிளாக் ஆகாத சி சாக்கெட்டின் வழி இது. இரண்டில் எதை எடுத்தாலும் சரி, எல்லா டிரான்ஸ்போர்ட்டும் அதையே செய்ய வேண்டும். டிசிபி பாதி எழுதும், டிஎல்எஸ் முழுதாக எழுதும் என்று கலந்துவிட்டால் மேலே இருப்பவர்கள் சோதித்துப் பார்த்த டிரான்ஸ்போர்ட்டில் மட்டுமே சர்வர் சரியாக ஓடும்.

எனக்குப் பிடித்தது முதலாவது. அதற்கு முக்கியமான காரணம் டிஎல்எஸ். ஓப்பன்எஸ்எஸ்எல்லில் எழுதும் அழைப்பு 'இப்போது முடியாது, மறுபடி முயற்சி செய்' என்று சொன்னால், இயல்பான அமைப்பில் அதே பஃபரை, அதே உள்ளடக்கத்தோடு திரும்பக் கொடுத்தாக வேண்டும். இடையில் சர்வர் அந்த பஃபரை இடம் மாற்றினாலோ, வேறு எதையாவது நிரப்பினாலோ பிழை வரும். டிரான்ஸ்போர்ட்டே வெளிச்செல்லும் தரவைத் தன்னிடம் வைத்துக்கொண்டால் இந்தத் தொல்லை மேலே எட்டாது.

கேள்வி: டிரான்ஸ்போர்ட்டே வைத்துக்கொண்டால், எதிர்முனை மெதுவாகப் படிக்கும்போது நினைவகம் நிரம்பிவிடாதா?

நிரம்பும். அதனால்தான் பேக்பிரஷர், அதாவது எழுதுபவரை நிறுத்திவைக்கும் வழி, இன்டர்ஃபேஸின் பகுதியாகவே இருக்க வேண்டும். பிற்பாடு ஒட்டவைக்க முடியாது. சர்வர் வேகமாக எழுத, வாடிக்கையாளர் மெதுவாகப் படிக்க, நடுவில் இருக்கும் வரிசை வளர்ந்துகொண்டே போகும். ஒரு இணைப்புக்கு சில மெகாபைட் என்றாலும் ஆயிரம் இணைப்புகளுக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

பைத்தானின் அசிங்க்ஐஓ (asyncio) நூலகம் இதை எப்படிச் செய்கிறது என்று பார்த்தால் புரியும். அங்கே டிரான்ஸ்போர்ட்டுக்கு இரண்டு மட்டங்கள் உண்டு. வரிசையில் நிற்கும் தரவு மேல்மட்டத்தைத் தாண்டியதும் மேலடுக்கிடம் 'எழுதுவதை நிறுத்து' என்று சொல்லும். கீழ்மட்டத்துக்கு வடிந்ததும் 'தொடரலாம்' என்று சொல்லும். மேல்மட்டத்தின் இயல்பு அளவு 64 கிலோபைட், கீழ்மட்டம் அதில் கால்வாசி. ஒரே மட்டம் வைத்தால் ஒரு பைட் ஏற, ஒரு பைட் இறங்க என்று நிறுத்து, தொடர், நிறுத்து, தொடர் என்று அழைப்புகள் பறக்கும். இரண்டுக்கும் நடுவே இடைவெளி விட்டால் அது அடங்கிவிடும்.

இணைப்புக்கு ஒரு த்ரெட் என்ற வழியில் எழுதுபவர்களுக்கு இது இலவசமாகவே கிடைக்கிறது. எழுத இடமில்லாவிட்டால் ரைட் அழைப்பே காத்து நிற்கும், அந்த த்ரெட் மேற்கொண்டு எதையும் உருவாக்காது.

கேள்வி: டிஎல்எஸ்ஸைச் சேர்த்ததும் எதெல்லாம் உடையும்?

நிறைய. ஒரு இன்டர்ஃபேஸ் நல்லதா என்று பார்க்க எனக்கு டிஎல்எஸ்ஸை விடச் சிறந்த சோதனை தெரியாது.

முன்பு நான் எழுதிய சர்வர் ஒன்றில் எப்போதாவது ஒரு கோரிக்கை பாதியில் அப்படியே நின்றுவிடும். டிஎல்எஸ் இல்லாமல் ஓட்டினால் வராது. பிழைச் செய்தி எதுவும் கிடையாது. வாடிக்கையாளர் பதிலுக்குக் காத்திருப்பார், சர்வர் தரவுக்குக் காத்திருக்கும். நான்கு நாள் தேடிய பிறகு காரணம் பிடிபட்டது. டிஎல்எஸ் தரவை ரெக்கார்டுகளாக அனுப்புகிறது. ஒரு ரெக்கார்டில் 16,384 பைட் வரை இருக்கலாம். என் சர்வர் 4,096 பைட் பஃபரோடு ரீட் அழைத்தது. நூலகம் முழு ரெக்கார்டையும் சாக்கெட்டிலிருந்து எடுத்து, விரித்து, 4,096-ஐ மட்டும் எனக்குக் கொடுத்துவிட்டு மீதியைத் தன்னிடமே வைத்துக்கொண்டது. நான் லினக்ஸின் ஈபோல் (epoll) மூலம் சாக்கெட்டில் அடுத்த தரவு வருகிறதா என்று காத்திருந்தேன். சாக்கெட் காலி. தேவையான பைட்டுகள் அத்தனையும் என் புரோகிராமுக்குள்ளேயே இருந்தன.

அன்றிலிருந்து இதை ஒரு விதியாகவே வைத்திருக்கிறேன்: படிக்கத் தயாரா என்பதை டிரான்ஸ்போர்ட்தான் சொல்ல வேண்டும், ஃபைல் டிஸ்கிரிப்டரிடம் கேட்கக் கூடாது. காத்திருப்பதற்காக டிஸ்கிரிப்டரை வெளியே கொடுக்கும் செயல்பாடு உங்கள் இன்டர்ஃபேஸில் இருந்தால் அதை எடுத்துவிடுங்கள்.

அடுத்தது, திசைகள் குழம்புவது. டிஎல்எஸ்ஸில் படிக்கும் அழைப்பு 'முதலில் நான் எழுத வேண்டும்' என்று சொல்லலாம், எழுதும் அழைப்பு 'முதலில் படிக்க வேண்டும்' என்று சொல்லலாம். 'படிக்கக் காத்திரு' என்றால் சாக்கெட்டில் படிக்கத் தரவு வருவதுதான் என்று சர்வர் கருதிக்கொண்டிருந்தால் இங்கே மாட்டிக்கொள்ளும். இதுவும் டிரான்ஸ்போர்ட்டுக்குள்ளேயே தீர வேண்டிய விஷயம்.

மூன்றாவது, கைகுலுக்கல், அதாவது இணைப்பின் தொடக்கத்தில் இரு முனைகளும் மறையாக்கத்துக்கான திறவுகோல்களை முடிவு செய்துகொள்வது. அக்செப்ட் செயல்பாட்டுக்குள்ளேயே டிஎல்எஸ் கைகுலுக்கலை முடித்துத் தருவது பார்க்க அழகாக இருக்கும். ஆனால் ஒரே ஒரு வாடிக்கையாளர் இணைந்துவிட்டு ஒரு பைட்டும் அனுப்பாமல் இருந்தால் போதும், அவருக்குப் பின்னால் வரும் எல்லோரும் வாசலிலேயே நிற்பார்கள். கோவில் டிஎல்எஸ் லிசனரின் அக்செப்ட் உடனே திரும்பிவிடும். முதல் ரீட் அல்லது ரைட்டின்போதுதான் கைகுலுக்கல் நடக்கும். அது சரியான முடிவு. கைகுலுக்கலுக்கென்று தனிக் கெடுவும் வையுங்கள்.

கடைசியாக, முடிவு. டிஎல்எஸ்ஸில் 'முடித்துக்கொள்கிறேன்' என்று சொல்ல குளோஸ் நோட்டிஃபை என்ற செய்தி உண்டு. அது வராமல் டிசிபி இணைப்பு மட்டும் மூடப்பட்டால், நடுவில் யாரோ வெட்டியிருக்கலாம். ரீட் இந்த இரண்டையும் வேறுபடுத்திச் சொல்ல வேண்டும். தன் செய்தியின் நீளத்தை முன்பே அறிந்த மேலடுக்குக்கு அந்த வேறுபாடு தேவைப்படாமல் போகலாம். மூடுவதையே முடிவாகக் கருதும் மேலடுக்குக்கு அதுதான் பாதுகாப்பு.

கேள்வி: யுடிபியையும் இதே இன்டர்ஃபேஸில் அடக்கலாமா?

வேண்டாம். டிசிபி பைட் ஓடை, யுடிபி தனித்தனிச் செய்திகள். ஐபிவி4-இல் ஒரு யுடிபி செய்தியில் 65,507 பைட் வரைதான் போகும். சிறிய பஃபரோடு படித்தால் மீதி அடுத்த ரீட்டுக்கு வராது, தொலைந்தே போகும். லிசன், அக்செப்ட் கிடையாது. ஒரே சாக்கெட்டில் எல்லா எதிர்முனைகளும் வந்து பேசும். பெயர் மட்டும் ஒன்றாக இருந்து பொருள் வேறாக இருக்கும் ரீட்டைப் பொது என்று அழைப்பது, பயன்படுத்துபவரைத் தவறாக வழிநடத்தும். ஓடைக்கு ஒரு இன்டர்ஃபேஸ், செய்திக்கு ஒரு இன்டர்ஃபேஸ் என்று இரண்டு வைத்துக்கொள்ளுங்கள்.

அப்படிப் பிரித்தால் மற்றவையும் தானாக இடம் கண்டுகொள்கின்றன. 2011-இல் ஆர்எஃப்சி 6455 என்ற இணையத் தர ஆவணமாக வந்த வெப்சாக்கெட் டிசிபி மேல் ஓடினாலும் செய்திப் பக்கத்தைச் சேர்ந்தது. 2021-இல் ஆர்எஃப்சி 9000 ஆக வந்த குவிக் (QUIC) நெறிமுறை யுடிபி மேல் ஓடினாலும் அடிப்படையில் ஓடைப் பக்கம். ஆனால் அங்கே ஒரு இணைப்புக்குள் பல ஓடைகள். ஒவ்வோர் ஓடையும் உங்கள் ஓடை இன்டர்ஃபேஸை நிறைவு செய்யட்டும். குவிக் இணைப்பு, ஓடைகளைத் தரும் லிசனர்போல நடந்துகொள்ளட்டும். 'இணைப்பு' 'ஓடை' இரண்டையும் ஒரே பொருளாகப் பாவித்த இன்டர்ஃபேஸ்களில் குவிக்கைச் சேர்ப்பது பெரிய வேதனை.

கேள்வி: குளோஸ் எளிதுதானே?

எளிதாகத் தெரியும், அவ்வளவுதான்.

பதிலை எழுதிவிட்டு உடனே மூடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். எதிர்முனை அனுப்பிய தரவில் நீங்கள் படிக்காதது இன்னும் உங்கள் கெர்னல் பஃபரில் இருந்தால், லினக்ஸ் முறையான முடிவை அனுப்பாமல், இணைப்பைச் சட்டென வெட்டும் ரீசெட் அனுப்பிவிடும். அது போய்ச் சேரும்போது, எதிர்முனை இன்னும் படித்திராத உங்கள் பதிலும் சேர்ந்து தொலையலாம். பெரிய கோப்பை ஏற்றும்போது 'அளவு மீறிவிட்டது' என்று சர்வர் சொன்ன செய்தி பயனரின் கண்ணில் படாமல், 'இணைப்பு துண்டிக்கப்பட்டது' என்று மட்டும் தெரிவது பல நேரங்களில் இதனால்தான். சரியான வழி: எழுதும் பக்கத்தை மட்டும் மூடு, எதிர்முனை முடிக்கும் வரை வருவதைப் படித்துத் தள்ளு, அதற்கு ஒரு கெடு வை, அப்புறம் முழுதாக மூடு. இந்த வரிசையை டிரான்ஸ்போர்ட்டுக்குள் 'மென்மையாக மூடு' என்று ஒரு செயல்பாடாக வைக்கலாம். 'உடனே வெட்டு' என்று இன்னொன்றும் வேண்டும், தவறாக நடந்துகொள்ளும் இணைப்புகளுக்கு.

அரைமூடல் எல்லா இடத்திலும் ஒன்றுபோல் இருக்காது. டிசிபியில் உண்டு. டிஎல்எஸ்ஸில் 2018-இல் வந்த 1.3 பதிப்பில்தான் அது முறையாக அனுமதிக்கப்பட்டது. அதற்கு முந்தைய பதிப்புகளில் ஒருவர் முடித்ததும் மற்றவரும் கையில் இருப்பதைக் கைவிட்டு முடித்தாக வேண்டும். ஆகவே 'அரைமூடல் இங்கே இயலாது' என்று ஒரு டிரான்ஸ்போர்ட் சொல்ல வழி இருக்கட்டும்.

குளோஸை இரண்டு முறை அழைத்தாலும் ஒன்றும் ஆகக் கூடாது. ஒரு த்ரெட் ரீட்டில் காத்திருக்கும்போது இன்னொரு த்ரெட் குளோஸ் அழைத்தால், அந்த ரீட் 'மூடப்பட்டது' என்ற விடையோடு எழ வேண்டும். இவை இரண்டும் உறுதிமொழியில் எழுதப்பட வேண்டியவை. லினக்ஸில் குளோஸ் அழைப்பு சிக்னலால் குறுக்கிடப்பட்டது என்று திரும்பினாலும் டிஸ்கிரிப்டர் ஏற்கெனவே விடுவிக்கப்பட்டிருக்கும். மறுபடி அழைத்தால், அதற்குள் அதே எண்ணைப் பெற்ற வேறு யாருடைய இணைப்பையோ மூடிவிடுவீர்கள்.

கேள்வி: டைம்அவுட்டைக் கால அளவாகக் கொடுப்பதா, கெடு நேரமாகக் கொடுப்பதா?

கெடு நேரமாக. 'ஒவ்வொரு ரீட்டுக்கும் 30 வினாடி' என்று வைத்தால், 29 வினாடிக்கு ஒரு பைட் அனுப்பும் எதிர்முனை ஒருபோதும் சிக்காது. 100 பைட் தலைப்பை அனுப்ப 48 நிமிடம் எடுத்துக்கொள்ளலாம். 'இந்தத் தலைப்பு முழுதும் இந்த நேரத்துக்குள் வந்தாக வேண்டும்' என்று ஒரு நேரப்புள்ளியைக் கொடுத்தால் எத்தனை ரீட்டாகப் பிரிந்தாலும் கணக்கு மாறாது. கடிகாரம் முன்பின் நகராத வகையாக இருக்கட்டும், சுவர்க்கடிகார நேரம் வேண்டாம்.

கேள்வி: பிழைகளை எப்படித் தொகுப்பது?

சர்வர் வேறுவிதமாக நடந்துகொள்ளப் போகும் அளவுக்கு மட்டும் பிரியுங்கள். எதிர்முனை போய்விட்டது, கெடு கடந்தது, நாமே மூடிவிட்டோம், நெறிமுறை மீறல், மற்றவை. இந்த ஐந்தே போதும் என்பது என் அனுபவம். மூலப் பிழையை லாக்கில் எழுதுவதற்காக உள்ளே வைத்திருங்கள்.

இரண்டு இடங்களில் மட்டும் கவனம். மூடப்பட்ட இணைப்பில் எழுதினால் யூனிக்ஸ் வகை அமைப்புகளில் சிக்பைப் என்ற சிக்னல் வந்து முழு புரோகிராமையே நிறுத்திவிடும். அதை அடக்குவது டிரான்ஸ்போர்ட்டின் பொறுப்பு. அடுத்தது, திறந்த கோப்புகளின் உச்சவரம்பு எட்டியதும் அக்செப்ட் தோற்கும். ஆனால் காத்திருக்கும் இணைப்பு வரிசையில் அப்படியே இருப்பதால் ஈபோல் உடனே மறுபடி எழுப்பும், மறுபடி தோற்கும். சிபியு முழுதும் இதிலேயே போய்விடும். லிசனர் இதைத் தற்காலிகப் பிழை என்று தனியாகச் சொன்னால் சர்வர் சிறிது நேரம் ஏற்பதை நிறுத்திவைக்கலாம்.

கேள்வி: தயார்நிலையைச் சொல்லும் மாதிரியா, முடிவைச் சொல்லும் மாதிரியா?

செலக்ட், 2000-இல் வந்த ஃப்ரீபிஎஸ்டியின் கேக்யூ, 2002-இல் லினக்ஸில் சேர்ந்த ஈபோல் ஆகியவை 'இப்போது படிக்கலாம்' என்று சொல்பவை. விண்டோஸின் கம்ப்ளீஷன் போர்ட்டும் 2019-இல் லினக்ஸ் 5.1-இல் வந்த ஐஓ யூரிங்கும் 'நீ கேட்டதைப் படித்து முடித்துவிட்டேன்' என்று சொல்பவை. இரண்டாவது வகையில் பஃபரை முதலிலேயே கொடுத்துவிட வேண்டும், வேலை முடியும் வரை அதைத் தொடக் கூடாது.

இரண்டையும் ஆதரிக்கப் போகிறீர்கள் என்றால் இன்டர்ஃபேஸை முடிவைச் சொல்லும் வகையாக வரையுங்கள். ஈபோலை வைத்து 'படித்து முடித்தேன்' என்று சொல்வது எளிது: தயாரானதும் நீங்களே படித்துவிட்டுச் சொல்ல வேண்டியதுதான். எதிர்த் திசையில் போவது கடினம். பஃபர் யாருக்குச் சொந்தம், எப்போது திரும்பக் கிடைக்கும் என்பது முதல் நாளே முடிவாகிவிடும் என்பதும் கூடுதல் நன்மை.

கேள்வி: டிசிபி நோடிலே, சென்ட்ஃபைல் போன்ற தனி வசதிகளை எங்கே வைப்பது?

பொது இன்டர்ஃபேஸில் வைக்காதீர்கள். 1984-இல் ஆர்எஃப்சி 896 விவரித்த, சின்னச் சின்ன ரைட்களைச் சேர்த்து அனுப்பும் நேகல் வழிமுறையை நிறுத்தும் நோடிலே அமைப்பு யூனிக்ஸ் சாக்கெட்டுக்குப் பொருளற்றது. இப்படிப்பட்டவற்றை டிரான்ஸ்போர்ட்டை உருவாக்கும் இடத்தில் கொடுத்துவிடுங்கள். சர்வருக்கு அது தெரிய வேண்டியதில்லை. கோ டிசிபி இணைப்புகளுக்கு நோடிலேயை இயல்பாகவே வைத்துவிடுகிறது.

சென்ட்ஃபைல் போன்ற வேகவழிகளுக்கு 'இது உன்னால் முடியுமா' என்று கேட்கும் விருப்ப இன்டர்ஃபேஸ் ஒன்று போதும். முடியும் என்றால் அந்த வழி, இல்லாவிட்டால் சாதாரண ரீட், ரைட். கோப்பிலிருந்து நேராக சாக்கெட்டுக்குப் போகும் வழி, மறையாக்கம் புரோகிராமுக்குள் நடக்கும் டிஎல்எஸ்ஸில் வேலை செய்யாது. சர்வர் நிரலோ இரண்டிலும் ஒன்றுதான்.

கேள்வி: எதிர்முனையின் முகவரியை எப்படிக் காட்டுவது?

ஐபியும் போர்ட்டும் எப்போதும் இருக்கும் என்று எண்ணாதீர்கள். யூனிக்ஸ் சாக்கெட்டில் இணையும் வாடிக்கையாளருக்குப் பெரும்பாலும் பெயரே இருக்காது. முன்னால் ப்ராக்சி இருந்தால் சாக்கெட் சொல்வது ப்ராக்சியின் முகவரியை. உண்மையானது ஹெச்ஏப்ராக்சி அறிமுகப்படுத்திய ப்ராக்சி நெறிமுறை வழியாக முதல் சில பைட்டுகளில் வரும். அதைப் படித்து, முகவரியை மாற்றித் தரும் உறை டிரான்ஸ்போர்ட் ஒன்றை எழுதினால் சர்வரில் ஒரு வரியும் மாறாது. நம்பகமான ப்ராக்சியிடமிருந்து வரும் இணைப்புக்கு மட்டும் அதை இயக்குங்கள், இல்லாவிட்டால் யாரும் எந்த முகவரியையும் சொல்லிக்கொள்ளலாம்.

முகவரி வேறு, அடையாளம் வேறு. லினக்ஸில் யூனிக்ஸ் சாக்கெட் எதிர்முனையின் பயனர் எண்ணைத் தரும், டிஎல்எஸ் சான்றிதழைத் தரும். அனுமதிச் சோதனைக்கு இவற்றைத் தனிச் செயல்பாடாகக் கொடுங்கள்.

கேள்வி: இந்தக் கூடுதல் அடுக்கால் வேகம் குறையாதா?

இன்டர்ஃபேஸ் வழி அழைப்புக்குச் சில நானோ வினாடிகள் ஆகும். அதன் அடியில் கெர்னலை அழைக்கும் சிஸ்டம் கால் அதைவிடப் பல மடங்கு. வேகம் வேறு இடங்களில் போகிறது: தேவையில்லாமல் பஃபரை நகலெடுப்பதில், சின்னச் சின்ன ரைட்களில். டிஎல்எஸ் 1.3-இல் ஏஇஎஸ் ஜிசிஎம் என்ற மறையாக்க முறையைப் பயன்படுத்தினால் ஒவ்வொரு ரெக்கார்டுக்கும் 22 பைட் கூடுதல். 5 பைட்டாக எழுதினால் உறை சரக்கைவிடப் பெரிதாகிவிடும். பல பஃபர்களை ஒரே அழைப்பில் எழுதும் செயல்பாடு ஒன்றை வைத்தால் இது பெரும்பாலும் தீரும்.

கேள்வி: இதை எப்படிச் சோதிப்பது?

இன்டர்ஃபேஸ் தரும் மிகப் பெரிய பலன் இங்கேதான். போர்ட் திறக்காமல், நெட்வொர்க் இல்லாமல், மில்லி வினாடிகளில் முழு சர்வரையும் சோதிக்கலாம்.

மூன்று போலி டிரான்ஸ்போர்ட்டுகளை எழுதிவையுங்கள். ஒன்று, எத்தனை பைட் கேட்டாலும் ஒரே ஒரு பைட் தருவது. செய்தி பிரிக்கும் அடுக்கில் இருக்கும் தவறுகள் அத்தனையும் இதில் வெளியே வந்துவிடும். இரண்டாவது, நீங்கள் சொல்லும் பைட்டில் இணைப்பைத் துண்டிப்பது. ஒரு முழு உரையாடலை எடுத்து, 1-ஆவது பைட்டிலிருந்து கடைசி வரை ஒவ்வோர் இடத்திலும் வெட்டிப் பாருங்கள். மூன்றாவது, பஃபரே இல்லாத குழாய், கோவின் நெட் பைப் போல. அதில் எதிர்முனை படிக்கும் வரை எழுதுபவர் நகர முடியாது. இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் எழுதத் தொடங்கினால் இரண்டும் பூட்டிக்கொள்ளும். உண்மையான டிசிபியில் கெர்னல் பஃபர் இதை மறைத்துவிடும், தரவு பெருகும் நாளில்தான் தெரியவரும்.

இவற்றோடு, உறுதிமொழிகளை ஒரே சோதனைத் தொகுப்பாக எழுதி எல்லா டிரான்ஸ்போர்ட்டையும் அதன் வழியாக ஓட்டுங்கள். புதிதாக ஒன்றை எழுதுபவர் அந்தத் தொகுப்பைத் தாண்டினால்தான் சேர்க்க வேண்டும்.

கேள்வி: ஏற்கெனவே ஓடும் பழைய சர்வரில் எங்கே தொடங்குவது?

ரீட், ரைட், குளோஸ் அழைக்கப்படும் இடங்களையெல்லாம் தேடி, முதலில் மூன்று சாதாரண செயல்கூறுகளுக்குள் அடக்குங்கள். நடத்தை எதையும் மாற்ற வேண்டாம். அந்த நிலையில் வெளியிட்டுச் சில நாள் ஓடவிடுங்கள். பிறகு டிஸ்கிரிப்டர் எண்ணை மறைத்து, அதன் இடத்தில் இணைப்புப் பொருளைக் கொடுங்கள். எண்ணையே திறவுகோலாக வைத்து இணைப்புகளைத் தேடும் அட்டவணை எங்காவது இருக்கும். அதிக நேரம் எடுப்பது அதுதான். மூன்றாவதாக ஒரு பைட் தரும் போலி டிரான்ஸ்போர்ட்டைச் செருகி, உடைபவற்றைச் சரிசெய்யுங்கள்.

அடுத்து உண்மையான இரண்டாவது டிரான்ஸ்போர்ட். யூனிக்ஸ் சாக்கெட்டை எடுக்கத் தோன்றும், ஏனென்றால் அரை நாளில் முடிந்துவிடும். அது டிசிபிக்கு மிக நெருங்கியது, உங்கள் இன்டர்ஃபேஸின் ஓட்டைகளைக் காட்டாது. டிஎல்எஸ்ஸை எடுங்கள். அது ஓடிய பிறகு யூனிக்ஸ் சாக்கெட் தானாகவே பொருந்திவிடும்.